உப்பளக் கரையில் இணையம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கடந்ததும் ஓர் எழிலார்ந்த காட்சியைக் காண்பர். நிலம் முழுவதும் சிறு சிறு பாத்திகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். பாத்திகளில் தேங்கிய உவர்நீர் வெயிலில் பளிங்குபோல் ஒளிரும். வரப்புகளின்மீது வெண்மையான உப்புக் குவியல்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவ்விடமே விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மரக்காணம்.

மரக்காணம் இன்று நேற்றுத் தோன்றிய ஊரன்று. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்குரிய எயிற்பட்டினம் என்னும் கடற்கரை நகரைக் குறிப்பிடுகின்றது. அந்நகரே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் கருத்து. பிற்காலத்தில் ஆந்திர நாட்டிலிருந்து சென்னை வழியாகக் கடற்கரையை ஒட்டி வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயும் இவ்வூர்ப் பகுதியிலேயே முடிவடைகின்றது. உப்பும் விறகும் பிற பண்டங்களும் ஒரு காலத்தில் அக்கால்வாயில் படகேறிச் சென்றன. கடல் வழி, கால்வாய் வழி, சாலை வழி என்று காலந்தோறும் ஒரு புதிய வழி இவ்வூரை உலகத்தோடு இணைத்து வந்துள்ளது. அவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்த வழியே இணையம்.

உப்பளத் தொழிலாளிக்கும் மீனவருக்கும் இணையத்தால் ஆவது யாது எனச் சிலர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை காண்பது எளிது. பல நாள் உழைத்து விளைத்த உப்பு, எதிர்பாராது பெய்யும் ஒரு மழையில் கரைந்து போகும். மழை வருமென்று முதல் நாளே அறிந்தால், விளைந்த உப்பை வாரிக் குவித்து மூடிவிடலாம். அவ்வாறே, விடியுமுன் கடலுக்குப் புறப்படும் மீனவர் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் முன்னரே அறிந்தால், ஆபத்தான நாளில் கரையிலேயே தங்கிவிடலாம். ஹைதராபாத்தில் 1999ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய செய்திகளை வெளியிட்டு வருகின்றது. அச்செய்தி ஹைதராபாத்திலிருந்து மரக்காணத்துக் கரைக்கு வந்து சேர நொடிப்பொழுது போதும். ஆயினும், கரை வரை வந்த செய்தி வீட்டிற்குள் நுழையாவிடின் பயனென்ன? வீட்டு வாயிலில் நிற்கும் செய்தியை உள்ளே அழைத்துவரும் கருவிகள் இரண்டு. அவை மோடம், ரவுட்டர் என்பனவாம். அவற்றின் இயல்பையும், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அறிந்துகொள்வது இக்காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தேவையாகிவிட்டது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் நிறுவனத்தால் வழங்கப்பட்டது. தொடக்கத்தில் அதனைப் பெற்ற மாநகரங்களுள் சென்னையும் ஒன்று. அந்நாளில் தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையம் வந்தது; அதன் வேகம் மிகக் குறைவு. சிற்றூர்களோ தொலைபேசியே அரிதாயிருந்த நிலையில் இருந்தன. ஆனால், மரக்காணத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரிப் பகுதியில் 1998ஆம் ஆண்டு ஓர் அரிய முயற்சி தொடங்கப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு, சுற்றியுள்ள சிற்றூர்களில் அறிவு மையங்களை அமைத்தது. கம்பி செல்லாத ஊர்களுக்கு வானொலி அலைகளின் வாயிலாகச் செய்தி அனுப்பப்பட்டது. மின்சாரம் தடைப்படும் இடங்களில் சூரிய ஒளியால் கருவிகள் இயங்கின. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து பெறப்பட்ட அலையுயரச் செய்தி ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. உலகின் மறுகோடியில் கணிக்கப்பட்ட செய்தியைச் சோழமண்டலக் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த மீனவர் தம் தாய்மொழியில் கேட்டனர்! ஊருக்கு ஒரு மையம் என்றிருந்த அந்நிலை மாறி, இன்று வீட்டிற்கு வீடு இணையம் வருகின்றது. முன்பு மைய ஊழியர் செய்த வேலையை இன்று வீட்டிலுள்ள சிறு கருவிகள் செய்கின்றன.

மோடம் செய்யும் தொழில் யாது? உப்பளத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டால் அது நன்கு விளங்கும். கால்வாயில் வரும் உவர்நீரை யாரும் அப்படியே உணவில் இடுவதில்லை. அந்நீரைப் பாத்தியில் காயவைத்து, உப்பாக மாற்றிய பின்னரே பயன்படுத்துகின்றனர். அதுபோன்றே, வெளியிலிருந்து கம்பியில் வரும் மின்னலைகளைக் கணினி நேரே ஏற்றுக்கொள்ளாது. கணினி அறிந்த மொழி சுழியும் ஒன்றுமாகிய இரண்டே இலக்கங்களால் ஆயது. கம்பியில் வரும் அலையிலிருந்து இவ்விலக்கங்களைப் பிரித்தெடுப்பது பண்பிறக்கம் எனப்படும். கணினியிலிருந்து செல்லும் இலக்கங்களை அலையின்மேல் ஏற்றி அனுப்புவது பண்பேற்றம் எனப்படும். இவ்விரு தொழில்களையும் ஒருங்கே செய்வதே மோடம்.

ரவுட்டரின் தொழில் வேறு. பெரிய தேக்கத்திலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீரை, எந்தப் பாத்திக்கு எப்பொழுது விடவேண்டுமென்று அறிந்து மடையைத் திறப்பவரும் அடைப்பவரும் உண்டல்லவா? அவரைப் போன்றது ரவுட்டர். வீட்டில் தந்தையின் கைப்பேசி, மகளின் கணினி, கூடத்திலுள்ள தொலைக்காட்சி ஆகிய மூன்றும் ஒரே வேளையில் இணையத்தைப் பயன்படுத்தலாம். வெளியிலிருந்து வரும் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகவே வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின்மீதும் அது சேரவேண்டிய முகவரி எழுதப்பட்டிருக்கும். ரவுட்டர் அம்முகவரியைப் படித்து, மகளின் பாடம் தந்தையின் கைப்பேசிக்குப் போய்விடாமல் காக்கின்றது. இதனால் தமிழில் அதற்குத் திசைவி என்னும் பெயரும் வழங்குகின்றது. உப்பளத்து நீர் ஒரு திசையிலேயே ஓடும். ரவுட்டர் வழியாகச் செய்தி இரு திசையிலும் ஓடும். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ரவுட்டரிலிருந்து கருவிகளுக்குச் செய்தி கம்பி வழியாகவும் செல்லலாம். கம்பியின்றி வானொலி அலைகளாகவும் செல்லலாம். கம்பியில்லா முறைக்கு வைஃபை என்பது பெயர். இம்முறையின் வித்து ஊன்றப்பட்டதும் கடல் சூழ்ந்த நிலத்திலேயாகும். ஹவாய்த் தீவுகளில், தீவுக்குத் தீவு கம்பி இழுப்பது அரிதாயிருந்தமையால், அங்குள்ள பல்கலைக்கழகத்து அறிஞர் நார்மன் ஆப்ராம்சனும் அவர்தம் குழுவினரும் 1971ஆம் ஆண்டில் வானொலி அலைகளால் கணினிகளை இணைத்தனர். அதற்கு அலோஹா வலை என்று பெயரிட்டனர். அதற்கும் முன்னர், 1895ஆம் ஆண்டிலேயே ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் கம்பியின்றி மின்காந்த அலைகளை அனுப்பி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். வைஃபை முறைக்குரிய முதல் பொதுவிதி 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

கருவியை வாங்கச் செல்லுமுன் அறியவேண்டுவது ஒன்று உண்டு. வீட்டிற்கு வரும் வழி எத்தகையது என்பதே அது. ஆழம் அறியாமல் காலை விடலாகாது என்பது பழமொழி. வழியை அறியாமல் கருவியை வாங்குவதும் அத்தகையதே. வழிகள் நான்கு வகைப்படும். முதலாவது பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி. இரண்டாவது தொலைக்காட்சிக்காக இழுக்கப்பட்ட கேபிள். மூன்றாவது ஒளியிழை. நான்காவது கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் வானொலி அலை. ஒவ்வொரு வழிக்கும் ஏற்ற கருவி வேறு. கேபிளுக்குரிய மோடத்தை ஒளியிழையில் பொருத்த இயலாது; ஒளியிழைக்குரிய கருவி கேபிளுக்கு உதவாது. விளம்பரத்தைக் கண்டு விலையுயர்ந்த மோடத்தை வாங்கி வந்த பின்னர், வீட்டிற்கு வருவது வேறு வழி என்று அறிந்தால் பணம் வீணாகும்.

தொலைக்காட்சிக் கேபிளின் நடுவில் ஒரு செப்புக் கம்பி உள்ளது. அதனைச் சுற்றி மின்சாரம் கடத்தாத உறையும், அதற்கு மேல் உலோகப் பின்னலும், எல்லாவற்றிற்கும் மேல் கரிய மேலுறையும் அமைந்துள்ளன. இக்கேபிளில் பல அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலவாமல் செல்லும். அவற்றுள் சில தொலைக்காட்சிக்கும் சில இணையத்திற்கும் ஒதுக்கப்படும். கேபிள் வழியே இணையச் செய்தியை அனுப்புதற்குரிய பொதுவிதி டாக்சிஸ் எனப்படும். அதன் முதற்பதிப்பு 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2006ஆம் ஆண்டில் வந்த 3.0 என்னும் பதிப்பு, பல அலைவரிசைகளை ஒருங்கு சேர்த்துப் பயன்படுத்தும் வழியைத் தந்தது. ஒரு வாய்க்காலில் வரும் நீரைவிட எட்டு வாய்க்கால்களில் வரும் நீர் மிகுதியாயிருக்குமன்றோ? 2013ஆம் ஆண்டில் வந்த 3.1 என்னும் பதிப்பு அதனினும் விரைவானது.

ஆகவே, கேபிள் இணைப்புடையோர் மோடம் வாங்கும்போது மூன்று செய்திகளை உசாவுதல் வேண்டும். தம் கேபிள் நிறுவனம் அந்த மோடத்தை ஏற்றுக்கொள்ளுமா என்பது முதலாவது. ஒவ்வொரு மோடத்திற்கும் தனி அடையாள எண் உண்டு. நிறுவனம் அவ்வெண்ணைப் பதிவு செய்தாலன்றி மோடம் இயங்காது. அது டாக்சிஸ் விதியின் எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்பது இரண்டாவது. வாங்கிய வேகத்திற்கு அதன் ஆற்றல் போதுமா என்பது மூன்றாவது. மோடத்தை நிறுவனமே வாடகைக்குத் தருவதும் உண்டு. வாடகை நன்றா, விலைக்கு வாங்குதல் நன்றா என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். மாத வாடகை 100 ரூபாய் என்றும், மோடத்தின் விலை 2,400 ரூபாய் என்றும் கொள்க. 24 மாதங்களில் வாடகை விலையை எட்டிவிடும். இரண்டாண்டுக்கு மேல் அவ்வீட்டில் வாழ்வோர்க்கு விலைக்கு வாங்குதல் இலாபம். விரைவில் வேறூர் செல்வோர்க்கு வாடகையே ஏற்றது. ஆயினும், வாடகைக் கருவி பழுதுற்றால் நிறுவனமே மாற்றித் தரும் என்பதையும் கருதுதல் வேண்டும். உப்புக் காற்று வீசும் ஊரில் இது சிறு செய்தியன்று.

ஒளியிழை என்பது தலைமயிரைப் போன்று மெல்லிய கண்ணாடி நூல். அதனுள் புகுந்த ஒளி, பக்கங்களில் முழுமையாக எதிரொளிக்கப்பட்டு, வெளியே சிதறாமல் நெடுந்தொலைவு செல்லும். பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். தூய கண்ணாடியின் வழியே நெடுந்தொலைவிற்குச் செய்தி அனுப்பலாம் என்று 1966ஆம் ஆண்டில் எடுத்துரைத்த சார்லஸ் காவோ, 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். நல்ல ஒளியிழையில் 15 கிலோமீட்டர் சென்ற பின்னும் ஒளியில் ஏறத்தாழப் பாதி எஞ்சியிருக்கும். நாட்டின் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டம் 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. பின்னர் அது பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. இவ்வழியில் மோடத்தின் இடத்தில், ஒளியை மின்குறிப்பாக மாற்றும் வேறொரு சிறு பெட்டி பொருத்தப்படும். பொதுமக்கள் அதனையும் மோடம் என்றே வழங்குகின்றனர். பெரும்பாலும் நிறுவனமே அதனைக் கொடுத்துவிடும். அதனுள் வைஃபை ரவுட்டரும் சேர்ந்திருப்பதுண்டு.

மரக்காணம் போன்ற கடற்கரை ஊர்களுக்கு இவ்விரண்டனுள் எது சிறந்தது? கடற்காற்றில் நுண்ணிய உப்புத் துகள்கள் மிதந்து வருகின்றன. உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் உலோகம் விரைவில் அரிக்கப்படும். கேபிளின் இணைப்பு முனைகளில் இவ்வரிப்பு ஏற்பட்டால், அலை வலுவிழக்கும்; வெளி இரைச்சலும் உட்புகும். கண்ணாடிக்கோ துருப்பிடித்தல் இல்லை. செப்புக் கேபிள் இடி மின்னலின் தாக்கத்தை வீட்டிற்குள் கொண்டுவரக்கூடும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மேலும், கேபிள் வழியில் ஆங்காங்கே அலையைப் பெருக்கும் கருவிகள் கம்பங்களில் உள்ளன. அவற்றிற்கு மின்சாரம் வேண்டும். இன்று வீடுகளுக்கு வரும் ஒளியிழை அமைப்புகள் பலவற்றில் நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே மின்சாரம் வேண்டுவதில்லை. நிலையத்திலும் வீட்டிலும் மின்சாரம் இருந்தால் போதும். இக்காரணங்களால், இரண்டும் கிடைக்குமிடத்தில் ஒளியிழையைத் தேர்ந்தெடுப்பதே கடற்கரையோர்க்கு நலம். ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. மரக்கிளை முறிந்து விழுந்து இழை அறுந்தால், அதனை ஒட்டுதற்குத் தனிக் கருவியும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். செப்புக் கேபிளைப் போல எளிதில் முறுக்கி இணைத்தல் இயலாது.

இனி, ரவுட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர். வீட்டின் அளவும் தேவையும் அறிந்து வாங்குவதே அறிவுடைமை. தெளிவான நிகழ்படம் ஒன்றைக் காண நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேகம் வேண்டும். நால்வர் ஒரே வேளையில் நான்கு நிகழ்படங்களைக் கண்டாலும் 20 மெகாபிட் போதும். அக்குடும்பத்திற்கு 50 மெகாபிட் இணைப்பே மிகை. அங்கு ஆறு அலைவாங்கிகள் நிமிர்ந்து நிற்கும் விலையுயர்ந்த ரவுட்டரை வாங்குதல் வேண்டாச் செலவு. இங்கு மற்றொன்றும் அறிதல் வேண்டும். வேகம் பிட் என்னும் அளவாலும், கோப்பின் பருமன் பைட் என்னும் அளவாலும் குறிக்கப்படும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே வரும். இதனை அறியாதோர் நிறுவனம் தம்மை ஏமாற்றியதாக எண்ணிப் பூசலிடுவதும் உண்டு.

ரவுட்டரின் பின்புறத்திலுள்ள கம்பித் துளைகளின் வேகத்தையும் கவனித்தல் வேண்டும். சில மலிவான ரவுட்டர்களில் அத்துளைகள் நொடிக்கு 100 மெகாபிட் அளவையே ஏற்கும். 200 மெகாபிட் இணைப்பிற்குப் பணம் செலுத்துவோர் அத்தகைய ரவுட்டரைப் பொருத்தினால், பாதி வேகமே பெறுவர். தேக்கத்தில் எவ்வளவு நீர் இருந்தாலும், மடை சிறிதாயின் பாத்திக்குச் சிறிதளவு நீர்தானே பாயும்?

வைஃபை அலைகள் பெரும்பாலும் இரு வகையாக அனுப்பப்படுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து நெடுந்தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. அண்டை வீட்டு ரவுட்டர்களும் அவ்வலையையே பயன்படுத்துவதால் நெரிசலும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆனால் தடித்த சுவரைக் கடக்கும்போது வலுவிழக்கும். ஆகவே, இரண்டையும் உடைய ரவுட்டரே பொருத்தமானது. படிக்கும் அறைக்கு அருகில் இருப்பின் 5 கிகாஹெர்ட்ஸ் அலையையும், திண்ணையிலோ முற்றத்திலோ இருப்பின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியில் அமைந்ததை வாங்கலாமா, தனித்தனியே வாங்கலாமா என்னும் ஐயம் பலர்க்கும் எழும். ஒரே பெட்டியாயின் விலை குறைவு, இடமும் மிச்சம், மின்சாரமும் ஒரே துளையில் போதும். தனித்தனியாயின், ஒன்று பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றலாம். புதிய வைஃபை முறை வரும்போது ரவுட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒளியிழையிலிருந்து கேபிளுக்கோ, கேபிளிலிருந்து ஒளியிழைக்கோ மாறினாலும் பழைய ரவுட்டர் பயன்படும். சிறிய வீட்டிற்கு ஒரே பெட்டி போதும். அறைகள் பல உள்ள வீட்டிற்குத் தனித்தனிக் கருவிகள் ஏற்றவை.

வாங்கிய ரவுட்டரை வைக்குமிடமும் இன்றியமையாதது. வீட்டின் நடுவில், தரையிலிருந்து சற்று உயரத்தில் வைத்தல் வேண்டும். இரும்பு அலமாரி அலைகளைத் தடுக்கும். தண்ணீர்த் தொட்டி அவற்றை உறிஞ்சும். நுண்ணலை அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குழப்பும். இவற்றிற்கு அருகில் வைத்தலாகாது. கடலை நோக்கிய சாளரத்தருகே வைத்தால் உப்புக் காற்று நேரே தாக்கும். அதற்கு அஞ்சி, காற்றுப் புகாத பெட்டியில் அடைப்பதும் தவறு. வெப்பம் மிகுந்து கருவி கெடும். உள்ளறையில், காற்றோட்டமுள்ள தட்டில், நேர்க்காற்றுப் படாமல் வைப்பதே முறை. வெளியிலிருந்து வரும் கேபிள், சுவர்த்துளையில் நுழையுமுன் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறுதல் வேண்டும். அவ்வாறாயின் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும், வீட்டிற்குள் வாராது. வெளியிலுள்ள இணைப்பு முனைகளை நீர்புகா நாடாவால் சுற்றி, மழைக்காலத்திற்கு முன் கேபிள்காரரைக் கொண்டு சோதிப்பித்தல் நன்று. இடி முழங்குமுன்னரே மின் செருகியையும் கேபிளையும் கழற்றிவிடுதல் வேண்டும். இடி தொடங்கிய பின்னர் அவற்றைத் தொடலாகாது.

இணையத்தின் வேகம் குறைந்தால், குறை எங்குள்ளது என்பதை மாணவரும் கண்டுபிடிக்கலாம். முதலில் கணினியைக் கம்பியால் ரவுட்டரோடு இணைத்து வேகத்தை அளத்தல் வேண்டும். பின்னர் வைஃபை மூலம் அளத்தல் வேண்டும். கம்பியில் நல்ல வேகமும் வைஃபையில் குறைந்த வேகமும் காணப்படின், குறை வீட்டிற்குள் உள்ளது. ரவுட்டரின் இடத்தை மாற்றினால் தீரக்கூடும். கம்பியிலும் வேகம் குறைந்திருப்பின், ரவுட்டரை நீக்கி மோடத்தோடு நேரே இணைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கும் குறைவாயின், மோடத்திலோ வெளிவழியிலோ குறை உண்டு என்று தெளியலாம். இவ்வாறு படிப்படியாக ஆராய்வதே அறிவியல் முறை.

வீட்டிற்குக் கதவும் தாழும் வேண்டுவதுபோல ரவுட்டருக்கும் காவல் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதற்கு இடப்பட்ட கடவுச்சொல் பலரும் அறிந்ததாக இருக்கலாம். அதனை உடனே மாற்றுதல் வேண்டும். வைஃபைக்கு 2004ஆம் ஆண்டில் வந்த டபிள்யூ.பி.ஏ. 2 என்னும் காவல் முறையோ, 2018ஆம் ஆண்டில் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்னும் முறையோ இருத்தல் வேண்டும். அவற்றிற்கு முற்பட்ட முறைகளை எளிதில் உடைக்கலாம். காவலற்ற இணைப்பை அயலார் தீய செயலுக்குப் பயன்படுத்தினால், பழி வீட்டார்மேல் வந்து சேரக்கூடும். கருவியைச் செய்த நிறுவனம் அவ்வப்போது வெளியிடும் திருத்தங்களையும் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். திருத்தங்கள் நின்றுபோன பழைய கருவியை மலிவாகக் கிடைக்கின்றது என்று வாங்குதல் தகாது.

இக்கரைக்குரிய பெரிய சோதனை புயலாகும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயலும், 2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இரவில் நிவர் புயலும், 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய கரையைக் கடந்தன. புயற்காலத்தில் முதலில் நிற்பது மின்சாரம். செய்தி மிகவும் வேண்டப்படும் வேளையில் ரவுட்டர் இருண்டு கிடக்கும். இதற்கும் வழி உண்டு. சிறிய ரவுட்டர் ஒன்று 12 வோல்ட் அழுத்தத்தில் 1 ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளுமாயின், அதன் தேவை 12 வாட். 40 வாட்-மணி ஆற்றலுள்ள மின்கலத் தொகுதி அதனை மூன்று மணி நேரத்திற்கு மேல் இயக்கும். எனவே, அதிக வேகமுள்ள ரவுட்டருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை மின்கலத்திற்குச் செலவிடுவது கடற்கரையோர்க்குப் பெரும்பயன் தரும். எனினும், கம்பமே சாய்ந்த பின்னர் மின்கலம் என் செய்யும்? ஆதலின், மின்கலத்தால் இயங்கும் வானொலிப் பெட்டியும், மின்னேற்றிய கைப்பேசியும் வீட்டில் இருத்தல் வேண்டும். ஒரு வழி அடைபட்டால் மறுவழி திறந்திருக்கும்.

எவ்வளவு சிறந்த கருவியாயினும் அதன் பயன் மனிதர் கையில் உள்ளது என்பதற்குப் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊர் என்றும் சான்றாக விளங்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். பேரலை பற்றிய செய்தியை அறிந்த அவர் உடனே தம் ஊருக்குத் தொலைபேசியில் பேசி எச்சரித்தார். ஊரிலிருந்தோர் காலந்தாழ்த்தவில்லை. அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் மக்களை வெளியேறுமாறு மீண்டும் மீண்டும் அறிவித்தனர். அலை வருமுன் ஊர் மக்கள் மேட்டு நிலத்தை அடைந்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. 3,000க்கும் மேற்பட்ட மக்களோ உயிர் தப்பினர். சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு வரை கடல் கடந்து வந்த செய்தி, ஒருவர் காதோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்குமோ? அதனை எல்லார் காதிலும் சேர்த்தவர் அவ்வூர் மக்களே.

இன்று மரக்காணத்து வீடுகளில் சிறு விளக்குகள் கண்சிமிட்ட ஓசையின்றி இயங்கும் மோடமும் ரவுட்டரும், அந்த ஒலிபெருக்கியின் வழித்தோன்றல்களே. அவற்றைத் தேவையறிந்து தேர்ந்தெடுத்து, உப்பிலிருந்தும் இடியிலிருந்தும் காத்து, பிறர் நுழையாதவாறு தாழிட்டு வைப்பது வீட்டாரின் கடமை. அவற்றின் வாயிலாக வரும் மழைச் செய்தியைப் பக்கத்து அளத்தாருக்கும், புயற்செய்தியைப் பக்கத்துக் குப்பத்தாருக்கும் ஓடிச்சென்று சொல்லுவது கற்ற பிள்ளைகளின் கடமை. ரவுட்டரின் அலை வீட்டைச் சுற்றிச் சிறிது தொலைவோடு நின்றுவிடும். அதற்கப்பால் செய்தியைச் சுமந்து செல்லவேண்டியவை மனிதரின் கால்களே.